அரேயை டெக்ஸ்ட் ஃபைலில் எழுதினால் ஒரே ஒரு புத்தகம்தான் நிற்கிறது (நோட் ஜேஎஸ்)

கொடுக்காப்புளி | புதன், இரவு 9.40

எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டுவிழாவுக்கு, அங்கே இருக்கும் புத்தகங்களின் பெயர்ப் பட்டியலை அச்சடித்துக் கொடுக்கப்போகிறார்கள். பழைய பதிவேட்டைப் பார்த்து நானும் தங்கையும் மூன்று மாதமாக ஒரு வெப் ஃபாரத்தில் ஏற்றினோம். பின்னால் நோட் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுவது), அதன் மேல் எக்ஸ்பிரஸ் என்ற வெப் கட்டமைப்பு. இப்போது 3,412 பெயர்கள் ஒரு அரேயில் (வரிசைப் பட்டியலில்) இருக்கின்றன. டவுன் டிடிபி கடைக்காரர் வரிக்கு ஒரு பெயராக டெக்ஸ்ட் ஃபைல் கேட்கிறார். சனிக்கிழமை காலைக்குள்.

ஃபோனிலிருந்து எழுதுகிறேன், அதனால் கோடை வாயால் சொல்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன். அரேக்கு ஃபார்ஈச் (உருப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை ஓடும் லூப்). அதற்குள் ஒவ்வொரு பெயருக்கும் ஃபைல் வேலைக்கான எஃப்எஸ் மாட்யூலில் இருக்கும் ரைட்ஃபைல். ஃபைல் பெயர் மாறாது. ஓடுகிறது, பிழை எதுவும் காட்டவில்லை. திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி. அதுவும் ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு புத்தகம். நேற்று வந்த வரி இது:

ஓலை்டு மருந்து

இப்படி ஒரு புத்தகம் எங்கள் வாசகசாலையில் கிடையாது. லை மேல் புள்ளி எங்கிருந்து வந்தது?

டீக்கடைபெஞ்ச் | புதன், இரவு 9.52

ரைட்ஃபைல் ஒவ்வொரு தடவையும் சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதும் தம்பி. 3,412 தடவை துடைத்தால் மிஞ்சுவது ஒன்றுதான். வாலில் சேர்க்கிற அப்பென்ட்ஃபைல் போடு, வேலை முடிந்தது. நான் தூங்கப் போகிறேன்.

கொடுக்காப்புளி | புதன், இரவு 10.15

நன்றி அண்ணா, எல்லாப் பெயரும் வந்துவிட்டது. ஆனால் வரிசை கலைந்துவிட்டது. அகரவரிசையில் அடுக்கிய பிறகுதான் எழுதுகிறேன், ஃபைலில் 'அ'வுக்கு நடுவே 'இ' வருகிறது. சந்தேகத்தில் இன்னொரு முறை ஓட்டினேன், 6,824 வரி ஆகிவிட்டது.

வடக்குத்தெரு | புதன், இரவு 10.58

தம்பி, லூப்பை எடுத்துவிடுங்கள். ஃபைலில் எழுதும் வேலை ஒரே ஒரு முறை நடந்தால் போதும். அரேயின் ஜாயின் மெத்தடுக்கு நியூலைனைக் கொடுத்து, எல்லாப் பெயரையும் ஒரே ஸ்ட்ரிங்காக்கி, அதை ஒரு ரைட்ஃபைலில் கொடுங்கள். எழுதி முடியும்வரை காத்திருக்க அவெய்ட் போட மறக்காதீர்கள். இரண்டு வரி கோடு.

இனி அந்த ஓலை விஷயம். எனக்கு அதுதான் ருசியாக இருக்கிறது. உங்கள் பட்டியலில் "ஓலை" என்று ஒரு புத்தகமும் "நாட்டு மருந்து" என்று ஒன்றும் இருக்கின்றனவா? இருக்கும். ரைட்ஃபைல் மூன்று காரியம் செய்கிறது: ஃபைலைக் காலி செய்து திறக்கும், எழுதும், மூடும். நீங்கள் ஒன்று முடியும்வரை காத்திராமல் அடுத்ததை ஏவிவிட்டீர்கள். நோட்டுக்கு அடியில் லிப்யூவி என்ற லைப்ரரி 4 த்ரெட்டுகளை (ஒரே நேரத்தில் ஓடும் வேலையாட்கள் மாதிரி) வைத்துக்கொண்டு இந்த ஃபைல் வேலைகளைப் பார்க்கிறது (நீங்கள் மாற்றாதவரை 4தான்). எது முந்தும், எது பிந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது. இரண்டு வேலைகளும் காலி ஃபைலைத் திறந்துவிட்டன. முதலில் "நாட்டு மருந்து" எழுதப்பட்டது. பிறகு "ஓலை", அதே தொடக்கத்திலிருந்து, அதன் மேலேயே.

தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். ஓ, ல, ஐகாரக் கொம்பு, மொத்தம் 9 பைட். நாட்டு என்பதில் முதல் 9 பைட் என்பது ந, கால், ட. அந்த மூன்றும் அழிந்தன. மிச்சம் நின்றது புள்ளி, டு, இடைவெளி, மருந்து. அந்தப் புள்ளி லை மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

உங்கள் அதிர்ஷ்டம், ஓலையில் இடைவெளி இல்லை. இடைவெளிக்கு ஒரு பைட்தான். அது இருந்திருந்தால் வெட்டு ஏதோ ஒரு எழுத்தின் நடுவில் விழுந்து, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகக் காட்டியிருக்கும்.

அப்பென்ட் போட்டபோது வரிசை கலைந்ததும் இதே காரணத்தால்தான். இன்னும் பெரிய அரேயாக இருந்தால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஃபைல் திறக்கப்பட்டு ஈஎம்ஃபைல் என்ற பிழையும் வந்திருக்கும்.

நட்டுபோல்ட்டு | புதன், இரவு 11.20

ஃபார்ஈச்சுக்குள் அசிங்க் ஃபங்ஷன் கொடுத்து அவெய்ட் போட்டாலும் உதவாது, இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்ஈச் தனக்குத் திரும்பி வரும் ப்ராமிஸை (வேலை பிறகு முடியும் என்ற வாக்குறுதியை) கண்டுகொள்வதே இல்லை. லூப்தான் வேண்டும் என்றால் ஃபார்-ஆஃப், அதற்குள் அவெய்ட்.

எழும்பூர்லோக்கல் | வியாழன், காலை 7.05

ஜாயின் எல்லாம் எதற்கு? நான் அரேயை அப்படியே ரைட்ஃபைலுக்குக் கொடுக்கிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. கமா போட்டு வருகிறது, அவ்வளவுதான். எங்கள் ஆபீஸில் நாலு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

நட்டுபோல்ட்டு | வியாழன், காலை 8.31

நோட் எந்தப் பதிப்பு?

எழும்பூர்லோக்கல் | வியாழன், காலை 8.40

12. மாற்ற விடமாட்டேன் என்கிறார்கள்.

நட்டுபோல்ட்டு | வியாழன், காலை 8.44

அதனால்தான். 14லிருந்து அப்படி நடக்காது, என் மெஷினில் அதே வரி டைப்எரர் அடிக்கிறது. "டேட்டா என்ற ஆர்க்யுமென்ட் ஸ்ட்ரிங்காகவோ பஃபராகவோ இருக்க வேண்டும், நீ அரே கொடுத்திருக்கிறாய்" என்கிறது. பஃபர் என்றால் பைட் தொகுப்பு.

கொடுக்காப்புளி | வியாழன், காலை 9.10

எனக்கு இரண்டும் இல்லையே. ஆர்வக்கோளாறில் இப்போதுதான் முயன்றேன். என்னிடம் நோட் 20. அரேயை நேராகக் கொடுத்தேன். பிழையும் இல்லை, கமாவும் இல்லை. 3,412 பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே நீளச் சரமாக வந்திருக்கிறது. யார் சொல்வது சரி?

வடக்குத்தெரு | வியாழன், மதியம் 1.25

மூன்று பேர் சொல்வதும் சரி. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நோட் 12ல் ரைட்ஃபைல் தனக்கு வந்தது ஸ்ட்ரிங்கோ பஃபரோ இல்லையென்றால் தானே ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொள்ளும். அரேயை ஸ்ட்ரிங்காக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் கமா போட்டு இணைக்கும். எழும்பூர்க்காரர் பார்ப்பது அது. 14.0ல் இந்தத் தானியங்கி மாற்றத்தை எடுத்துவிட்டார்கள். நட்டுபோல்ட்டு பார்ப்பது அது. இந்த இரண்டு பேரும் கால்பேக் வகையை (முடிந்ததும் நாம் கொடுத்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது) பயன்படுத்துகிறார்கள்.

தம்பி அவெய்ட் போட வேண்டும் என்பதற்காக ப்ராமிஸ் வகைக்கு மாறியிருக்கிறார். அங்கே விதி வேறு. 14.18, 15.14 பதிப்புகளிலிருந்து ப்ராமிஸ் வகை ரைட்ஃபைல் இட்டரபிள் (ஒவ்வொன்றாக எடுக்கக்கூடியது) எதையும் வாங்கிக்கொள்ளும். அரேயும் ஓர் இட்டரபிள். ஆகவே ஒவ்வொரு உருப்படியாக எடுத்து, நடுவில் எதுவும் போடாமல், அடுத்தடுத்து எழுதிவிட்டது. அது சொன்னபடிதான் செய்கிறது, நாம் கேட்டது அது இல்லை என்பதுதான் தகராறு. அரேயில் பெயருக்குப் பதில் எண்கள் இருந்திருந்தால் இதே வரி பிழையில் முடிந்திருக்கும். ஸ்ட்ரிங், பஃபர் போன்றவற்றைத்தான் உருப்படியாக ஏற்கும்.

எழும்பூர்க்காரரே, உங்கள் ஆபீஸில் நோட்டை உயர்த்தும் நாளில் அந்த வரி முதலில் படுக்கும். இன்றைக்கே ஜாயின் கமா என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், 12லும் ஓடும். பிரிப்பானை நாம்தான் சொல்ல வேண்டும், மொழி தானாகத் தேர்ந்தெடுக்க விடக்கூடாது.

எழும்பூர்லோக்கல் | வியாழன், மதியம் 1.50

சரி, மாற்றிவிட்டேன். ஆனால் என் அரேயில் ஒரு ஆப்ஜெக்ட் இருந்திருக்கிறது. அந்த இடத்தில் பகரஅடைப்புக்குள் ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட் என்று நிற்கிறது. நாலு வருஷமாக யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

வடக்குத்தெரு | வியாழன், மதியம் 2.02

ஆப்ஜெக்ட் இருந்தால் ஜேசான் ஸ்ட்ரிங்கிஃபை. அல்லது மேப் போட்டு எந்தப் புலம் வேண்டுமோ அதை மட்டும் எடுத்து ஜாயின். நல் மற்றும் அன்டிஃபைன்ட் இரண்டையும் ஜாயின் சத்தமில்லாமல் வெற்றுவரியாக்கிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீக்கடைபெஞ்ச் | வியாழன், மாலை 6.30

நான் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். கன்சோல் லாகில் அரேயை அச்சிட்டு, டெர்மினலில் பெரிது-குறி போட்டு ஃபைலுக்குத் திருப்பிவிடுவது. இப்போது தம்பிக்குச் சொல்லலாம் என்று 3,412 வைத்து முயன்றேன். 100 உருப்படி வந்தது, அப்புறம் "இன்னும் 3312 உருப்படிகள்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான் ஃபைல். இத்தனை வருஷமாக நான் சின்ன அரேதான் வைத்திருந்தேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

கொடுக்காப்புளி | வியாழன், இரவு 8.15

ஜாயின் போட்டாயிற்று, வரிசையும் சரி, என் லேப்டாப்பில் அழகாகத் திறக்கிறது. மாதிரிக்குக் கடைக்காரருக்கு அனுப்பினேன். "என்ன தம்பி எல்லாம் ஒரே வரியில இருக்கு, எங்க முடியுது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல" என்று ஃபோன் செய்தார். நான் ஓட்டுவது உபுன்டு, அவர் வைத்திருப்பது விண்டோஸ் 7, திறந்தது நோட்பேடில்.

நட்டுபோல்ட்டு | வியாழன், இரவு 8.22

ஓஎஸ் மாட்யூலில் ஈஓஎல் என்று ஒன்று இருக்கிறது. நியூலைனுக்குப் பதில் அதைப் போடு.

வடக்குத்தெரு | வியாழன், இரவு 8.50

இங்கே அது கைகொடுக்காது. ஈஓஎல் என்பது கோடு ஓடுகிற மெஷினின் வரிமுடிவு. தம்பியின் கோடு உபுன்டுவில் ஓடுகிறது, அங்கே அது வெறும் நியூலைனைத்தான் தரும். ஃபைலைப் படிக்கப்போகிறவர் எங்கே இருக்கிறார் என்பது நோட்டுக்கு எப்படித் தெரியும்?

கேரேஜ் ரிட்டர்ன், நியூலைன் இரண்டையும் சேர்த்து நீங்களே பிரிப்பானாகக் கொடுங்கள். பழைய நோட்பேடுக்கு இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது வரிமுடிவு. 2018ல் விண்டோஸ் 10ன் 1809 பதிப்பில்தான் தனி நியூலைனையும் மதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கடைக்காரரிடம் மெஷினை மாற்றச் சொல்வதைவிட நாம் இரண்டு குறியைச் சேர்ப்பது சுலபம்.

பழையசர்வர் | வியாழன், இரவு 10.10

இதைப் படித்ததும் பழைய ஞாபகம். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் என்றாலே 2009ல் வந்த நோட் என்றுதான் இப்போதுள்ள பிள்ளைகள் நினைக்கிறார்கள். நெட்ஸ்கேப்காரர்கள் 90களின் நடுவிலேயே லைவ்வயர் என்று சர்வர் ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருந்தார்கள். அதில் ஃபைல் என்ற ஆப்ஜெக்டும், வரியாக எழுத ரைட்எல்என் என்ற மெத்தடும் உண்டு. அதை நான் கையேட்டில் பார்த்ததோடு சரி. எனக்குச் சோறு போட்டது மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் ஸ்கிரிப்ட் முறையான ஏஎஸ்பி. எல்லாரும் விபிஸ்கிரிப்ட் எழுதுவார்கள், நான் பிடிவாதமாக ஜேஸ்கிரிப்ட் (அவர்களுடைய ஜாவாஸ்கிரிப்ட்).

அதில் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் என்று ஒன்று. கிரியேட்டெக்ஸ்ட்ஃபைல் கூப்பிட்டு, லூப்பில் ரைட்லைன். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும், வரிசை கலைகிற பேச்சே இல்லை. வரிமுடிவும் அதுவே விண்டோஸ் முறையில் போட்டுவிடும். தம்பி பட்ட இந்த இரண்டு பாடும் எங்களுக்குக் கிடையாது.

ஆனால் தமிழ் எழுத வேண்டும் என்றால் வந்தது வினை. கிரியேட்டெக்ஸ்ட்ஃபைலின் மூன்றாவது ஆர்க்யுமென்ட் ஃபால்ஸ் என்றால் ஆன்சி (பழைய விண்டோஸ் எழுத்துமுறை), தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை அடிக்கும். ட்ரூ என்றால் யூடிஎஃப்-16. யூடிஎஃப்-8 என்ற மூன்றாவது வழியே அதில் இல்லை. அதற்காக அடோடிபி ஸ்ட்ரீம் என்று டேட்டாபேஸ் பக்கத்திலிருந்து ஒரு ஆப்ஜெக்டைக் கடன் வாங்கி, கேரக்டர்செட்டை யூடிஎஃப்-8 என்று வைத்து எழுதுவோம். அது கேட்காமலேயே ஃபைலின் தலையில் 3 பைட் பாம் குறியையும் (எழுத்துமுறையைக் காட்டும் அடையாளம்) வைத்துவிடும்.

நோட்டில் ரைட்ஃபைல் ஒன்றும் சொல்லாவிட்டால் யூடிஎஃப்-8, பாம் வைக்காது. எக்ஸலில் நேரடியாகத் திறக்கிற சிஎஸ்வி என்றால் பாமை நாமே ஸ்ட்ரிங்கின் தலையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். தம்பியினுடையது வெறும் டெக்ஸ்ட், அது தேவைப்படாது.

டீக்கடைபெஞ்ச் | வியாழன், இரவு 10.25

ஐயா, தம்பிக்குச் சனிக்கிழமை கெடு.

நட்டுபோல்ட்டு | வெள்ளி, காலை 9.00

எல்லாரும் ஜாயின் ஜாயின் என்கிறீர்கள். அது முழு அரேயையும் இன்னொரு முறை மெமரியில் ஸ்ட்ரிங்காக நகலெடுக்கிறது. முறையாகச் செய்வதென்றால் கிரியேட்ரைட்ஸ்ட்ரீம், அதாவது கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவது. அதன் ரைட் மெத்தட் ஃபால்ஸ் திருப்பினால் (தற்காலிக இடம் நிரம்பிவிட்டது) இடம் காலியானதைச் சொல்லும் டிரெய்ன் ஈவென்ட் வரும்வரை நிறுத்தி எழுத வேண்டும்.

வடக்குத்தெரு | வெள்ளி, காலை 9.35

கணக்குப் போடுவோம். ஒரு பெயருக்கு 25 குறி என்று வைத்தாலும் 75 பைட். 3,412 பெயருக்கு இரண்டரை லட்சம் பைட் சொச்சம். ஒரு ஃபோன் படத்தைவிடச் சின்னது. இதற்கு ஸ்ட்ரீம் என்பது டம்ளர் தண்ணீருக்கு மோட்டார் போடுவது.

ஆனால் நீங்கள் சொல்வது வேறு இடத்தில் பொருந்தும். வி8ல் (நோட்டுக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின்) ஒரு ஸ்ட்ரிங்கின் நீளம் 53 கோடியே 68 லட்சம் குறிகளைத் தாண்ட முடியாது. லாக் ஃபைல், சென்சார் அளவீடு என்று சேர்ந்துகொண்டே போகும் அரேயை ஜாயின் செய்தால் "இன்வாலிட் ஸ்ட்ரிங் லெங்த்" என்று நின்றுவிடும். அங்கே ஸ்ட்ரீம்தான். அப்போதும் டிரெய்னைக் கையால் கவனிக்க வேண்டாம், ரீடபிள் ஃப்ரம் என்பதற்கு அரேயைக் கொடுத்து பைப்லைனில் கோத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு உருப்படியின் பின்னும் நியூலைனைச் சேர்க்க மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் தம்பியின் ஒட்டிய சரம் திரும்பி வரும்.

நட்டுபோல்ட்டு | வெள்ளி, காலை 9.41

பைப்லைனை ஒத்துக்கொள்கிறேன். மோட்டாரை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொடுக்காப்புளி | வெள்ளி, மாலை 5.20

இரண்டு சந்தேகம். ஒன்று, ரைட்ஃபைல்சிங்க் போட்டால் அவெய்ட் தொல்லையே இல்லையே, அதைப் போடலாமா? இரண்டு, ஃபைலை உருவாக்கும் பொத்தானை வாசகசாலைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எங்கள் செயலாளர் மாமா எதையும் ஒரு முறை அமுக்க மாட்டார், படபடவென்று மூன்று முறை அமுக்குவார்.

வடக்குத்தெரு | வெள்ளி, மாலை 6.45

டெர்மினலில் நீங்களே ஓட்டும் ஸ்கிரிப்ட் என்றால் சிங்க் தாராளமாகப் போடலாம், நானும் போடுவேன். எக்ஸ்பிரஸ் ரூட்டுக்குள் வேண்டாம். அது எழுதி முடிக்கும்வரை மற்ற எல்லாருடைய கோரிக்கையும் வாசலில் நிற்கும். உங்கள் ஃபைலின் அளவுக்கு அது கண்ணிமைக்கும் நேரம்தான், இருந்தாலும் பழக வேண்டாம்.

மாமாவுக்கு: நேராகப் பட்டியல் ஃபைலில் எழுதாமல், அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் ரீநேம் செய்யுங்கள். தற்காலிகப் பெயர் ஒவ்வொரு அமுக்கலுக்கும் வேறாக இருக்கட்டும். அப்போது அவர் மூன்று முறை அமுக்கினாலும் முழு ஃபைல்தான் கிடைக்கும், பாதி எழுதியது யார் கண்ணிலும் படாது. ஓலையும் மருந்தும் இனிமேல் சேராது.

கொடுக்காப்புளி | வெள்ளி, இரவு 9.30

எல்லாம் செய்தாயிற்று. அனுப்பும் முன் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம் என்று டபிள்யூசி என்ற எண்ணும் கட்டளையில் வரி எண்ணிக்கை கேட்டேன். 3,414 என்கிறது. அரேயின் லெங்த் 3,412. இரண்டு புத்தகம் எங்கிருந்து முளைத்தது? டூப்ளிகேட் இல்லை, பார்த்துவிட்டேன்.

டீக்கடைபெஞ்ச் | வெள்ளி, இரவு 9.33

ஆண்டுவிழாவுக்கு நன்கொடையாக வந்திருக்கும்.

வடக்குத்தெரு | வெள்ளி, இரவு 10.05

இரண்டு கூடவில்லை, மூன்று கூடி ஒன்று குறைந்திருக்கிறது.

ஜாயின் பிரிப்பானை உருப்படிகளுக்கு நடுவில்தான் வைக்கும், கடைசிக்குப் பின்னால் வைக்காது. டபிள்யூசி எண்ணுவது நியூலைன்களை. ஆகவே 3,412 பெயருக்கு அது 3,411 என்று சொல்லியிருக்க வேண்டும். 3,414 சொல்கிறது என்றால் மூன்று நியூலைன் பெயர்களுக்குள்ளேயே இருக்கின்றன. உங்கள் ஃபாரத்தில் பெயருக்கு டெக்ஸ்ட்ஏரியா வைத்தீர்களா? யாரோ எண்டரைத் தட்டியிருக்கிறார்கள்.

ஜாயினுக்கு முன் ஒரு மேப் போட்டு, பெயருக்குள் இருக்கும் வரிமுடிவு எல்லாவற்றையும் ஒற்றை இடைவெளியாக மாற்றுங்கள். பிறகு ஸ்ட்ரிங்கின் வாலில் இன்னொரு வரிமுடிவைச் சேர்த்துவிடுங்கள், கணக்கு நேராகும்.

கொடுக்காப்புளி | வெள்ளி, இரவு 10.40

அதேதான் அக்கா. மூன்றும் தங்கை ஏற்றியவை. பதிவேட்டில் பெயர் இரண்டு வரியில் எழுதியிருந்ததாம், "அப்படியேதானே ஏற்றச் சொன்னாய்" என்கிறாள். இப்போது 3,412.

கொடுக்காப்புளி | சனி, மதியம் 12.10

கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வரி வரியாகத் திறந்தது. அவர் பக்கம் அமைப்பது பேஜ்மேக்கரில், அதற்கு யூனிகோடு தெரியாது. ஏதோ ஒரு கன்வெர்ட்டரில் போட்டுப் பழைய ஃபான்ட் எழுத்துக்கு மாற்றிக்கொண்டார். எல்லாம் சரியாக வந்தது, "ஸ்ரீ" வருகிற சில பெயர்களில் மட்டும் முன்னால் கட்டம் விழுந்திருக்கிறது. மற்ற "ஸ்ரீ"க்கள் சரியாக இருக்கின்றன. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

பழையசர்வர் | சனி, மதியம் 12.30

ஒரே மாதிரி தெரியும், உள்ளே வேறு. ஒன்று 'ஸ'வில் தொடங்குவது, இன்னொன்று 2005ல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் தொடங்குவது. சில கீபோர்டுகள் இதை அடிக்கும், சில அதை. கடைக்காரரின் கன்வெர்ட்டர் அதற்கு முந்தைய காலத்ததாக இருக்கும். உன் மேப்பிலேயே இன்னொரு ரீப்ளேஸ் போட்டு ஒன்றாக்கிக் கொடு.

கொடுக்காப்புளி | சனி, மதியம் 12.55

போட்டாயிற்று. 11 பெயர் மாறியது. பென்டிரைவை எடுத்துக்கொண்டு மறுபடி டவுனுக்குக் கிளம்புகிறேன்.